கைவேலையும் கூலியும்



சில மாதங்களுக்கு முன் ஒரு மாலைப்பொழுதில் என் அயல்வீட்டுப் பெரியவர் ஒருவர் மிகுந்த மனத்தாங்கலோடு எங்கள் வீட்டு விறாந்தையில் வந்து அமர்ந்தார். அவர் ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், சிக்கனமானவர், எனினும் அவரைக் கஞ்சர் என்று எவரும் சொல்லார். அவருடைய வீட்டுக் கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் மோட்டர் அன்று காலை ஓட மறுத்துவிட்டது. ஊரில் மின்வேலை செய்யும் இளைஞர் ஒருவரை அழைப்பித்தார். வந்தவர் ஆளியைப் போட்டு ஒரு கணம் செவிமடுத்தார், மூடியைக் கழற்றினார், கண்டென்சர் என்று அவர்கள் வழங்கும் சிறியதோர் உறுப்பை அகற்றித் தம் பையிலிருந்து புதியதொன்றை எடுத்துப் பூட்டினார். தண்ணீர் பாய்ந்தது. பத்து நிமிடம் சென்றிருக்கும். அவர் கேட்டது 3,000 ரூபாய்.

"அந்தச் சாமான் கடையில் 900 ரூபாய் என்று விசாரித்து அறிந்துகொண்டேன். மிகுதி 2,100 ரூபாயும் பத்து நிமிட வேலைக்கா, மாஸ்ரர்?" என்று பெரியவர் கேட்டார்.

நான் அவரிடம் ஒன்று வினவினேன். அதே இளைஞர் மாலை வரையும் அங்கே இருந்து, மோட்டரை முற்றாகக் கழற்றி முற்றத்திற் பரப்பி, வியர்வை சிந்தி, ஈற்றில் அதே உறுப்பை மாற்றிவிட்டு 3,000 ரூபாய் கேட்டிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? பெரியவர் சற்றே யோசித்தார். "கொடுத்திருப்பேன். தேநீரும் கொடுத்திருப்பேன்" என்றார். சொல்லி முடித்ததும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அந்தச் சிரிப்பைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். விரைந்து செய்பவரிலும் மந்தமாகச் செய்பவருக்கே நாம் மனமுவந்து கொடுக்கிறோம். பழுது இன்னதென்று செவியால் அறிவதற்கு அவ்விளைஞர் எத்தனை மோட்டர்களைக் கழற்றிப் பூட்டியிருக்க வேண்டும்! பயிலும் காலத்தில் எத்தனை முறை தவறாகப் பூட்டி ஏச்சு வாங்கியிருக்க வேண்டும்! அந்த ஆண்டுகளெல்லாம் இந்தப் பத்து நிமிடத்தினுள்ளே மறைந்து கிடக்கின்றன. திறமை வளர வளர வேலை இலகுவாகத் தோன்றுகிறது. வேலை இலகுவாகத் தோன்றத் தோன்றக் கூலி அநியாயமாகத் தோன்றுகிறது. கண்ணுக்குத் தெரிவனவற்றையே, அதாவது நேரத்தையும் வியர்வையையும் பொருளையுமே, நாம் நிறுத்துப் பார்க்கிறோம்.

இவ்வழக்கு புதியதன்று. 1878 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இலண்டன் நீதிமன்றத்திலே விசாரணைக்கு வந்த ஒரு மானநட்ட வழக்கு இன்றும் பேசப்படுகிறது. அமெரிக்காவிற் பிறந்து இலண்டனில் வாழ்ந்த ஜேம்ஸ் விஸ்லர் என்னும் ஓவியர், ஓர் ஓவியத்துக்கு 200 கினி விலை குறித்திருந்தார். கலைத்திறனாய்வாளர் ஜோன் றஸ்கின் அதனைக் கடுமையாக இகழ்ந்து எழுதினார். ஓவியர் வழக்குத் தொடுத்தார். இரண்டு நாள் வேலைக்கா 200 கினி கேட்கிறீர் என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வினவியபோது, இல்லை, வாழ்நாள் முழுவதும் உழைத்துத் தேடிய அறிவுக்காகக் கேட்கிறேன் என்ற கருத்துப்பட அவர் விடையிறுத்தார். யூரிமார் அவர் பக்கமே தீர்ப்புச் சொன்னார்கள். ஆனால் அவருக்குக் கிடைத்த நட்டஈடு ஒரு பார்திங், அதாவது ஒரு பென்னியின் காற்பங்கு! வழக்குச் செலவும் முன்னிருந்த கடனும் சேர்ந்து அழுத்த, மறு ஆண்டிலே அவர் வங்குரோத்தானார். வாயால் நியாயம் என்று ஒப்புக்கொண்டு கையால் ஒரு பார்திங் கொடுக்கும் வழக்கம் எங்கள் ஊருக்கு மாத்திரம் உரியதன்று என்பதை இதனால் அறிந்தேன்.

ஓவியர் கதை நிற்க. வீடு கட்டும் மேசனிடம் வருவோம். எங்கள் ஆசிரியர் அறையில் ஒரு கணக்கு அடிக்கடி நடைபெறும். மேசனின் நாட்கூலியை முப்பதாற் பெருக்கி, "பார்த்தீர்களா, இவருக்கு எங்கள் சம்பளத்திலும் கூட வருகிறது" என்று ஒருவர் சொல்வார். மற்றவர்கள் பெருமூச்சு விடுவார்கள். நானும் அவ்வாறு பெருக்கிப் பார்த்தவனே. கணக்கிற் பிழையில்லை, அந்த முப்பதிலேதான் பிழை.

அடம் ஸ்மித் என்னும் பொருளியலறிஞர் 1776 இல் வெளியிட்ட 'நாடுகளின் செல்வம்' என்ற நூலில், ஒரு தொழிலுக்குக் கூலி கூடியும் மற்றொன்றுக்குக் குறைந்தும் இருப்பதற்கு ஐந்து காரணங்களை ஆராய்கிறார். அவற்றுள் ஒன்றுக்கு அவர் எடுத்த உதாரணமே கட்டடம் கட்டுவோன்தான். உறைபனியிலும் கடுமழையிலும் அவனுக்கு வேலை இல்லை. ஆகவே வேலையுள்ள நாளிற் பெறுங் கூலி, வேலையற்ற நாளிலும் அவனைத் தாங்கவேண்டும். அடுத்த வேலை எப்போது வருமோ என்ற ஏக்கத்துக்கும் அது ஓரளவு ஈடாகவேண்டும் என்கிறார்.

எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் உறைபனி இல்லை. ஆனால் மாரி உண்டு. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்ரோபர் தொடக்கம் திசெம்பர் வரையுள்ள மூன்று மாதங்களிலேயே கொட்டித் தீர்க்கிறது. மார்கழியில் நிலை வைப்பாரில்லை. ஆடியிலும் பலர் வீட்டுவேலை தொடங்கத் தயங்குவர். வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பும் பணம் சுணங்கினால் சுவர் யன்னல் மட்டத்தில் நின்றுவிடும். மேசன் சாந்தகப்பையையும் தூக்குக்குண்டையும் கழுவிப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டில் இருப்பார். எமக்கோ போயா நாளுக்குஞ் சம்பளம் உண்டு. நோயுற்றால் விடுமுறை உண்டு. அறுபது வயதில் ஓய்வூதியம் உண்டு. முதுகு தளர்ந்த மேசனுக்கு ஓய்வூதியம் வழங்கும் திணைக்களம் எது? அவரோடு வருங் கையாளை எங்கள் ஊரில் முட்டாள் என்று அழைப்பர். அறிவிலி என்ற பொருளில் அன்று; துணைக்கு நிற்கும் ஆள் என்ற பொருளில். அந்தப் பெயரோடு சில ஆண்டுகள் சாந்து குழைத்துக் கல் சுமந்த பின்னரே ஒருவர் சுவரிற் கைவைக்க விடப்படுகிறார். அந்த ஆண்டுகளையும் நாம் முப்பதாற் பெருக்கும்போது சேர்ப்பதில்லை.

இன்னும் ஒன்று. 2022 ஆம் ஆண்டில் நாட்டைப் பற்றிய பொருளாதார நெருக்கடியை நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அவ்வாண்டு செப்ரெம்பர் மாதத்திலே கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதமாயிற்று. ஒரு மூட்டை சீமெந்தின் விலை முந்திய ஆண்டின் விலையைப்போல் இரு மடங்கைத் தாண்டியது. நாம் சீமெந்துக் கடையிற் சண்டையிட்டோமா? மூட்டை கிடைத்ததே பெரும்பேறு என்று கும்பிட்டுக் கொண்டுவந்தோம். ஆனால் அந்தச் சீமெந்தைக் குழைத்துப் பூசுகிறவர் நாளொன்றுக்கு 500 ரூபாய் கூட்டிக் கேட்டபோது, "இப்போதெல்லாம் இவர்களுக்குப் பேராசை பிடித்துவிட்டது" என்றோம். அவரும் அதே கடையிலேதான் அரிசி வாங்கினார். சீமெந்து நிறுவனத்தின் முகத்தை நாம் கண்டதில்லை. வங்கி வட்டியைப் பேரம்பேசிக் குறைக்க இயலாது. எம் முன்னே நின்று தலையைச் சொறிகிற ஒருவரிடமே எமது பேரம் முழுவதும் செல்லுபடியாகிறது. ஆகவே எல்லா விலையேற்றத்தின்மீதும் உள்ள கோபத்தை அவர்மீது இறக்கிவைக்கிறோம்.

இந்த மனக்குறைக்குப் பழையதொரு வேரும் உண்டு. முற்காலத்தில் எங்கள் கிராமங்களிலே தச்சருக்கும் கொல்லருக்கும் ஒவ்வொரு வேலைக்கும் எண்ணிப் பணம் கொடுக்கும் வழக்கம் அரிது. அறுவடையில் நெல் அளப்பர். மணவீட்டிலே வரிசை வைப்பர். ஏர்க்கொழுவைத் தீட்டுவதற்கு என்ன விலை என்று எவரும் கேட்டதில்லை. கண்டி இராச்சியத்தில் அரசனுக்குத் தொழில்செய்த கைவினைஞர்கள் அதற்கீடாகக் காணி பெற்று வாழ்ந்த முறையை ஆனந்த குமாரசுவாமி 1908 இல் வெளியிட்ட 'இடைக்காலச் சிங்களக் கலை' என்ற நூலில் விரித்துரைத்திருக்கிறார். இவ்வேற்பாட்டைப் பொற்காலம்போற் பேசுவோர் உளர். நான் அவ்வாறு பேசமாட்டேன். அங்கே தொழில் பிறப்போடு கட்டப்பட்டிருந்தது. வேண்டாம் என்று மறுக்கும் உரிமை தொழில் செய்பவருக்கு இருக்கவில்லை. இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியம் 1832 இல் நீக்கப்பட்டது. சட்டத்திலிருந்து அது போய்விட்டது. ஆயினும், "இவருடைய தகப்பனார் எங்கள் வீட்டுக்குச் சும்மா வந்து செய்துவிட்டுப் போவார்" என்று இன்றும் சிலர் சொல்லும்போது, அந்தச் 'சும்மா' என்ற சொல்லுக்குள்ளே இராசகாரியம் உயிரோடு இருக்கக் காண்கிறேன். தகப்பனார் சும்மா வந்தவரல்லர். வராமல் இருக்க முடியாதபடியால் வந்தவர்.

அக்காள் பொன்னிலும் தட்டான் மாப்பொன் எடுப்பான் என்று ஒரு பழமொழி உண்டு. கூடப்பிறந்தவளின் நகையிலும் பொன் களவாடுவான் என்று ஒரு தொழிலாளர் வகுப்பையே பழிக்கும் இம்மொழியை இளமையில் நானும் நகைச்சுவையாகக் கேட்டிருக்கிறேன். பிற்காலத்தில் ஒரு பத்தரின் பட்டறையிற் சிலமணி நேரம் இருந்து பார்த்தபின் அது எனக்கு நகைச்சுவையாகத் தோன்றவில்லை. ஒரு பவுண் என்பது 8 கிராம். தனிப்பொன் மிக மென்மையானது. ஆதலால் இருபத்துநான்கு பங்கில் இருபத்திரண்டு பொன்னாகவும் மிகுதி செம்பு, வெள்ளி போன்றனவாகவும் கலந்தே நகை செய்கின்றனர். உருக்குவதிலும் அராவுவதிலும் மெருகிடுவதிலும் துகள் கழியத்தான் செய்யும், அதுவே சேதாரம். பொன்னின் விலையைச் செய்தித்தாளிற் பார்த்துக்கொண்டு வருகிற நாம், கூலி என்று ஒரு தொகையைச் சொன்னவுடன் முகஞ் சுளிக்கிறோம். பலருடைய தாலிக்கொடிக்குரிய பொன்னை ஒரு சிறிய பெட்டிக்குள் வைத்துக்கொண்டு இரவில் உறங்குவதற்கும் ஒரு கூலி வேண்டாவா? பொற்கொல்லருக்குக் கூலி உயர்ந்திருப்பதற்கு அவர்மீது வைக்கப்படும் நம்பிக்கையே காரணம் என்று முன்சொன்ன அடம் ஸ்மித் எழுதியிருக்கிறார். நாமோ நம்பிக்கையையும் வைத்து, பழமொழியையும் வைத்திருக்கிறோம். வெளிப்படையாகக் கூலி கேட்டாற் சண்டை வரும் என்று கண்ட தொழிலாளி, அதைச் சேதாரத்துக்குள்ளே ஒளித்துவைக்க முற்பட்டால், அந்த ஒளிவுக்கு நாமும் ஒரு பங்காளர் அல்லோமா?

தொழிலாளர் பக்கத்திற் குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. முற்பணத்தை வாங்கிக்கொண்டு மூன்று மாதம் முகங்காட்டாதவர் உண்டு. தைப்பொங்கலுக்கு முன் தருவேன் என்று சொன்ன அலுமாரியைச் சித்திரை வருடப்பிறப்புக்கும் தராதவர் உண்டு. 2009 இல் போர் முடிந்தபின் வடக்கிலுங் கிழக்கிலும் பல்லாயிரம் வீடுகள் ஒரே காலத்தில் எழுந்தபோது, கைதேர்ந்த தொழிலாளருக்குத் தட்டுப்பாடு வந்தது; அரைகுறையாகப் பழகியவர்களும் முழுமேசன் கூலி கேட்டார்கள். அவர்கள் பூசிய சுவர்கள் சில இன்று வெடித்து நிற்கின்றன. வேலையின் தரத்தை வேலை முடியுமுன் அறிய முடியாத நிலையில், கொடுப்பவர் அஞ்சுவது இயல்பே. தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் என்ற ஒன்று எமது நாட்டில் உண்டு. மேசன் வேலைக்கும் மின்வேலைக்கும் தச்சுவேலைக்கும் அதைப் பெறலாம். வீட்டுக்கு அழைக்கும் தொழிலாளியிடம் அதைக் கேட்டவர் எங்கள் ஊரில் எத்தனைபேர் என்று விசாரித்தேன். எவரும் இல்லை. கேட்பாரில்லாத சான்றிதழை இளைஞர் எதற்காகத் தேடுவர்?

இனி உறவினர். இங்கேதான் விடயம் சிக்கலாகிறது. இங்கே நானும் குற்றவாளி.

வேற்று மனிதரிடம் விலை பேசுகிறோம். உறவினரிடம் விலை பேசுவது அழகன்று என்று இருவருமே எண்ணுகிறோம். "எவ்வளவு?" என்று கேட்டால், "அதென்ன, எங்களுக்குள்ளே! நீங்கள் பார்த்துத் தாருங்கள்" என்பார் அவர். இந்தப் பார்த்துத் தாருங்கள் என்ற இரண்டு சொற்கள் எத்தனை குடும்பங்களைப் பிரித்திருக்கின்றன என்பதற்குக் கணக்கில்லை. சொல்லுகிறவர் மனத்தில் ஒரு தொகை இருக்கிறது. கேட்கிறவர் மனத்தில் வேறொரு தொகை இருக்கிறது. உறவுக்காகக் கொஞ்சம் கூடத் தருவார் என்று அவர் நினைக்கிறார். உறவுக்காகக் கொஞ்சம் குறைத்து எடுப்பார் என்று இவர் நினைக்கிறார். இருவரும் உறவையே நம்புகிறார்கள், எதிரெதிர்த் திசையில்.

2023 ஆம் ஆண்டில் என் வீட்டின் பின்பக்கத்தைத் திருத்தினேன். கதவு, யன்னல், கூரைவேலை யாவையும் என் சிறிய தாயாரின் மகன் செய்தார். அவர் நல்ல ஓடாவியார். பழைய வீட்டிலிருந்து கழற்றிய பனைமரத் தீராந்தி ஒன்றை நான் விறகென்று நினைத்திருந்தேன். அவர் அதைத் தட்டிப்பார்த்து, "அண்ணை, இது இன்னும் நாற்பது வருடம் நிற்கும்" என்று சீவி எடுத்தார். வேப்பம்பலகை சரியாகக் காயாமல் அடித்தாற் கதவு வளையும் என்று ஒரு மாதம் என்னைக் காக்கவைத்தார்; அப்போது அது எனக்கு எரிச்சலாக இருந்தது. அந்தக் கதவுகளில் ஒன்றேனும் இரண்டு மாரிகள் கழிந்தும் இறுகவில்லை. அவர் 26 நாள் வேலை செய்தார். கூலி கேட்டேன், பார்த்துத் தாருங்கள் என்றார். நான் பார்த்தேன். 50,000 ரூபாயை ஓர் உறையிலிட்டு, ஒரு வேட்டியும் வைத்து, வெற்றிலைத் தட்டத்திற் கொடுத்தேன். அவர் எண்ணாமல் மடியில் வைத்துக்கொண்டு போனார். எண்ணாததை நான் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டேன்.

அந்நாளில் எங்கள் பகுதியில் அவர் போன்றவருக்கு நாட்கூலி 3,500 ரூபாய். இருபத்தாறு நாளுக்கு 91,000 ரூபாய். ஒரு கலைப் பட்டதாரிக்கு இந்தப் பெருக்கல் கடினமானதன்று. ஆயினும் பணங் கொடுத்தபோது நான் அதைப் பெருக்கவில்லை. தம்பிதானே என்று நினைத்தேன். தினமும் மதியம் என் மனைவி சோறு கொடுத்தாள் என்று நினைத்தேன். அவருடைய மகனை எங்கள் பாடசாலையிற் சேர்த்துக்கொண்டேன் என்றும், வெட்கத்தோடு சொல்லுகிறேன், நினைத்தேன். என் வேலைக்காக வேறொரு வீட்டு வேலையை அவர் கைவிட்டு வந்தார் என்பது பிறகே தெரிந்தது. அதன்பின் அவர் எங்கள் வீட்டுக்கு வருவது குறைந்தது. கோபம் என்று ஒன்றுமில்லை; கோயிலிற் கண்டாற் சிரிப்பார்.

மறு ஆண்டு, பாடசாலையில் மாணவர் விபரப் படிவங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தாம் வகுப்பிற் படிக்கும் அந்த மகனுடைய படிவம் கைக்கு வந்தது. தந்தையின் தொழில் என்ற இடத்திலே பையன் 'கூலி' என்று எழுதியிருந்தான். முற்கூடத்துக்கு அழைத்து, "ஏன் தம்பி, அப்பா ஓடாவியார் அல்லவா? தச்சுத்தொழில் என்றல்லவா எழுதவேண்டும்?" என்று கேட்டேன். அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "அப்படித்தான் சேர் எல்லாரும் சொல்லுகிறவை" என்றான். உயர்தரத்திலே 2013 ஆம் ஆண்டு முதல் தொழினுட்பத் துறை உண்டு. நீ அதிற் படித்து, அப்பாவின் கைப்பழக்கமும் சேர்ந்தால் மிகவும் உயர்ந்து வரலாம் என்று சொன்னேன். பரிசளிப்பு விழாவிற் பலமுறை சொன்ன வசனமே. அவன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தான். "அப்பா வேண்டாமென்று சொல்லிப்போட்டார் சேர். உளியைத் தொட விடமாட்டார்" என்றான்.

அன்று மாலை 41,000 ரூபாயோடு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் முற்றத்திலே சீவுளிக்கு அலகு தீட்டிக்கொண்டிருந்தார். பணத்தை வாங்க மறுத்தார். ஒரு மணிநேரம் பேச்சு நடந்தது. ஈற்றில் அவருடைய மனைவி வந்து, "அண்ணை கணக்குப் பார்த்துக் கொண்டுவந்திருக்கிறார், வாங்குங்கோ" என்று சொன்னபின் வாங்கினார். இம்முறை எண்ணினார்.

இவ்வாண்டு மாரிக்கு முன் எங்கள் வீட்டு முன்கூரையைப் பிரித்து வேயவேண்டியிருக்கிறது. வேலை தொடங்குமுன் கூலியை எழுதித் தரும்படி கேட்டேன். அவர் தயங்கித் தயங்கி, மகனுடைய அப்பியாசக் கொப்பியிலிருந்து கிழித்த ஒரு தாளில் மரம், ஓடு, ஆணி, நாட்கூலி என்று தனித்தனியே எழுதிக் கொண்டுவந்தார். வாசித்தேன். நான் எண்ணியிருந்ததிலும் சற்றுக் கூடுதலாகவே இருந்தது. என்னை அறியாமலே, "தம்பி, இது கொஞ்சம்…" என்று தொடங்கிவிட்டேன். உள்ளேயிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். "கொஞ்சம் மங்கலாக இருக்கிறது, கண்ணாடியை எடுத்துக்கொண்டு வருகிறேன்" என்று சொல்லி எழுந்தேன். வரும் திங்கட்கிழமை வேலை தொடங்குகிறது.